மீனாம்பாள் கேட்ட போத்தல்

எங்க தோட்டத்துல மீனாம்பாளைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லுங்கன்னா எல்லாரும் கொஞ்சம் யோசிப்பாங்க. யோசிச்சிட்டு, "பிள்ளைங்கள நல்லாப் பாத்துக்குவா"ன்னு முடிச்சிருவாங்க. கெட்டதா சொல்லுங்கன்னா யோசிக்கவே தேவையில்ல. யாரையும் நம்பாதவ. தன் நெழல் பின்னால வந்தாலும் நின்னு "ஏன் வாறே?"ன்னு கேக்குறவ. இத மொதல்ல சொன்னதே நான்தான். அப்புறம் ஊரே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிச்சு.

நமுனுகுல பக்கம் கல்மேட்டுத் தோட்டம், கீழ்ப்பிரிவு. கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க கைப்பிள்ளைங்கள விட்டுட்டுப் போறதுக்கு ஒரு பிள்ளைக்காம்பரா இருக்கு. அங்க மீனாம்பாள் ஆயா. பதினெட்டு வருசமா அவதான். அதுக்குக் கீழ, பஸ் திரும்புற வளைவுல என்னோட தேத்தண்ணிக் கடை. நான் முருகையா. வடை, ரொட்டி, ஞாயித்துக்கெழமையில ஆப்பம். கல்லாவுல ஒக்காந்தா பிள்ளைக்காம்பரா வாசல் நேரா தெரியும். யாரு வாறா, யாரு போறான்னு நான் வேணும்னு பாக்குறதில்ல. கண்ணு திறந்திருக்கு, என்ன செய்ய?

பால்மா பாக்கெட்ட மூணு தடவை மோந்து பாப்பா. கொதிச்ச தண்ணியக் கொண்டாந்து குடுத்தா, திரும்ப அடுப்புல வச்சுக் கொதிக்க வைப்பா. புதுசா வந்த தொரை ஒரு நாள் பிள்ளைக்காம்பராவுக்குள்ள வந்து ஒரு பிள்ளையோட கன்னத்தக் கிள்ளப் போனாரு. "கையக் கழுவிட்டு வாங்கய்யா"ன்னு சொல்லிட்டா. தொரை கழுவிட்டுத்தான் வந்தாரு. அத வச்சு என் கடையில ஒரு மாசம் யாவாரம் நல்லா ஓடிச்சு.

அவ புருசன் தம்பையா கொழும்புல ஓட்டல் வேலைக்குப் போனவன். மாசம் ஒரு தடவை பிஸ்கட் பெட்டியோட வருவான். ஒரு தடவை வந்தப்ப அவன் சட்டையில ஒரு பட்டன் புதுசா தச்சிருந்திச்சு. இவ நூல நேரா ஓட்டித் தைப்பா. அதுல குறுக்கால ஓடியிருந்திச்சு. இவ ஒரு வார்த்தை கேக்கல. அவன் போன மறு வாரம் காலையில பதுளையில கொழும்புக்கு ரயிலேறிப் போனா. ரெண்டாம் நாள் வந்து பிள்ளைக்காம்பராவத் தொறந்தா. "என்ன தங்கச்சி, தம்பையா சொகமா?"ன்னு கேட்டேன். "பட்டன் தச்சவளப் பாத்தேன்"னு சொல்லிட்டுப் போயிட்டா. அதுக்கு மேல அந்தக் கதையில யாருக்கும் ஒண்ணும் கெடைக்கல. எனக்கே கெடைக்கலன்னா பாத்துக்கங்க.

இந்த வருசம் பலாப்பழக் காலத்துல ஜிப்னான்னு ஒரு புள்ள வந்திச்சு. பதுளை கடைத்தெருவுல துணிக்கடை வச்சிருக்கிற அலவி நானாவோட மக. கெம்பஸ்ல, அதான் பல்கலைக்கழகத்துல, ஆராய்ச்சி செய்யிது. அதுக்குப் பலாக்கொட்டை வேணுமாம். அவிக்காத பச்சைக் கொட்டை, சாக்குச் சாக்கா. காயப் போட சீமெந்துத் தரை வேணும். எங்க பிரிவுல அப்படி ஒரு தரை பிள்ளைக்காம்பரா முத்தந்தான். மீனாம்பாள் வாசல்லயே மறிச்சிட்டா. நானும் ஒரு தட்டுல தேத்தண்ணிய வச்சுக்கிட்டு மேல ஏறிப் போனேன், விருந்தாளி வந்திருக்கேன்னு.

"நாங்க தின்னுட்டு எறியிற கொட்டை ஒனக்கு எதுக்கு புள்ள?"

"ஆராய்ச்சிக்கு ஆன்ட்டி. இதுக்குள்ள லெக்டின்னு ஒரு புரதம் இரிக்கி. வயித்துல கெட்ட கிருமி இரிக்கில்லா? அதுட ஒடம்புக்கு மேல சீனியால நெய்த போர்வை மாதிரி ஒண்ணு. லெக்டின் போய் அந்தச் சீனியப் புடிச்சிக்கும். அதுக்கு ஒண்ணுக்கு மேல கை. ஒரு கையில ஒரு கிருமி, மத்தக் கையில இன்னொரு கிருமி. அப்பிடியே கட்டி கட்டியா சேந்திரும். அப்ப கொடல்ல ஒட்ட ஏலாம போயிடுமான்னு பாக்குறோம்."

"பொலிஸ்காரன் ரெண்டு கள்ளனுக்கு ஒரே வெலங்கு மாட்டுற மாதிரி"ன்னேன் நான்.

"சரியா சொன்னீங்க அங்கிள்."

மீனாம்பாளுக்கு அது பத்தல. "ஒட்டாம போயிடுதா, இல்ல போயிடுமான்னு பாக்குறீங்களா?"

"பாக்குறோம். கண்ணாடிக்குள்ள கட்டியாகுது. வயித்துக்குள்ள என்னா நடக்கும்னு தெரியா."

"தெரியாதுன்னா அத மொதல்ல சொல்லு. அப்புறம் கையி காலு கதையச் சொல்லு."

அந்தப் புள்ள போன்ல ஒரு படம் காட்டிச்சு. "போன்ல ஆனை பறக்குறதையும் காட்டுறாங்க"ன்னுட்டா மீனாம்பாள். அடுத்த வாரம் ஜிப்னா ஒரு கறுப்பு ஓட்டுத் துண்டும் சின்னக் குப்பி ரெண்டும் கொண்டாந்திச்சு. நெசக் கிருமிய பிள்ளைங்க இருக்கிற எடத்துக்குக் கொண்டு வரக்கூடாதாம். அதனால மாவு பொங்குறதுக்குப் போடுற ஈஸ்ட். அதுவும் உசுருதான், அதுக்கும் மேல சீனிப் போர்வை இருக்காம். ஒரு குப்பியில வெறுந் தண்ணி, மத்ததுல வாழைப்பழத்துல இருந்து எடுத்த லெக்டின். வாழைப்பழம், தக்காளி, இதுகள்லயும் இருக்காம். ஒவ்வொண்ணும் வேற வேற சீனியப் புடிக்குமாம்.

"ஈஸ்ட் நீ கொண்டாந்தது வேணாம்"னா மீனாம்பாள். "அண்ணே, ஒங்க ஆப்ப மாவுக்குப் போடுறதக் கொண்டாங்க."

கொண்டு போனேன். ஈஸ்டத் தண்ணியில கலக்கி, அந்தக் கலங்கல்ல ரெண்டு சொட்டு ஓட்டுத் துண்டு மேல வச்சு, ஒண்ணுல தண்ணி, ஒண்ணுல வாழைப்பழச் சரக்கு. ஓட்டுத் துண்ட லேசா ஆட்டிச்சு அந்தப் புள்ள. ஒரு சொட்டு அப்படியே கெடந்திச்சு. மத்தச் சொட்டு பால் திரிஞ்ச மாதிரி பொடிப் பொடியா பிரிஞ்சிரிச்சு. மீனாம்பாள் நாலு தடவை செய்யச் சொன்னா. குப்பிய மாத்தி வச்சா. நாலாவது தடவை அந்தப் புள்ளயத் திரும்பி நிக்கச் சொல்லிட்டு இவளே ஊத்தினா. அப்புறந்தான், "சரி, காயப் போடுறேன். பிள்ளைங்க கை படக்கூடாது"ன்னா.

"யாரும் பச்சையா திங்கவும் ஏலா ஆன்ட்டி. வயித்தப் பெரட்டிடும். நல்லா அவிச்சா லெக்டின் அடங்கிடும்."

இதெல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்திச்சு. ஆடிப் பூசை முடிஞ்சு மூணாம் நாள், பிள்ளைக்காம்பராவுல ஆறு பிள்ளைங்களுக்கு வயித்தோட்டம், காச்சல். மேனுஷான்னு மூணு வயசுப் பிள்ளை, அதுக்கு ரொம்ப மோசம். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் சேலைன் ஏத்தினாங்க. லயத்துல யாரு வீட்டுலயும் அடுப்பு சரியா எரியல அன்னைக்கு.

என் கடையில ஆள் கூடியிருந்தாங்க. பேசாம இருக்க முடியுமா? "மொத்தத்துல அந்தக் கொட்டைய என்னத்துக்குக் காயப் போடுறாங்கன்னு யாருக்காச்சும் தெரியுமா?"ன்னு கேட்டேன். கேட்டேன், அவ்வளவுதான். அதுவும் ரெண்டு பேருகிட்டத்தான். எந்த ரெண்டு பேருன்னு பாத்துத்தான் கேட்டேன். மறுநாள் காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக் களத்துல அது, "மீனாம்பாள் நம்ம பிள்ளைங்களுக்கு மருந்து குடுத்து சோதிக்கிறா"ன்னு ஆயிருச்சு. அப்பன்மாரு நாலு பேர் போயி சாக்க ஒதைச்சுக் கவுத்துட்டாங்க. முத்தம் பூரா கொட்டை உருண்டிச்சு. மீனாம்பாள் வாசல்ல நின்னு பாத்தா. ஒரு கொட்டையும் பிள்ளைங்க வாயில போகலன்னு ஒரே ஒரு தடவை சொன்னா. ரெண்டாவது தடவை சொல்லல.

ஆபீஸ்ல கூப்புட்டு வேலைய அப்போதைக்கு நிப்பாட்டிட்டாங்க. ஊர்ச் சுகாதாரம் பாக்குற பி.எச்.ஐ. ஐயா வந்தாரு. நாங்க குடிக்கப் புடிக்கிற பீலித் தண்ணிய சோதனைக்கு எடுத்தாரு. கொட்டையப் பாத்துட்டு, இதுல இப்படிக் காச்சல் வராது, இது கிருமி, யாரு கையாலயோ வந்திருக்குன்னு சொன்னாரு. பிள்ளைங்களுக்கு ஊட்டுறவ மீனாம்பாள். அவ கையில ஒரு சின்னப் போத்தலக் குடுத்து, மலம் பிடிச்சுக் கொண்டாந்து குடுக்கச் சொன்னாரு. அவ வயித்துல கிருமி இருந்தா, நோயில்லாமலே அது மத்தவங்களுக்குப் பரவுமாம். தோட்டத்து ஆபீஸ் அதுக்கு மேல ஒண்ணு சொல்லிருச்சு. கிருமி இருந்தா வேலை போச்சு. கங்காணியோட மச்சினிச்சி அந்த வேலைக்கு ஏற்கெனவே சீலை துவைச்சு வச்சிட்டா.

அடுத்த நாள் காலையில மீனாம்பாள் கடைக்கு வந்தா. ஆளில்லாத நேரமாப் பாத்து வந்தா. போத்தல மேசையில வச்சா. சுத்தமா, காலியா இருந்திச்சு.

"அண்ணே, எனக்கு இதக் குடுக்கப் பயமா இருக்கு."

"எதுக்கு?"

"என் ஒடம்புல இருந்து போறது யாரு கையில போகுதோ. முடி, நெகத்துலயே சூனியம் வைக்கிறாங்க. அந்த மச்சினிச்சிக்கு மந்திரக்காரன் யாருன்னு ஒங்களுக்கே தெரியும்."

தெரியும். அதையும் நான்தான் ஊருக்குச் சொன்னேன்.

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஒங்க வாயிதான் என்னைய இங்க கொண்டாந்து விட்டிச்சு. மத்தப் பக்கத்தால ஒரு ஒதவி செஞ்சிருங்க."

சிரிச்சிட்டேன். என்னைய சிரிக்க வச்சுட்டாளேன்னு ஒரு மதிப்பும் வந்திச்சு. அவ சாக்கு கவுந்ததுல எனக்கும் நெஞ்சுக்குள்ள ஒரு முள்ளு இருந்திச்சு. என் வயிறு கல்லப் போட்டாலும் அரைக்கிற வயிறு. இருபது வருசமா ஒரு மாத்திரை, குளிசை போட்டதில்ல. "ஒன் பேருக்கு சுத்தமான சர்ட்டிபிகட் வாங்கித் தாறேன் பாரு"ன்னு சொல்லிப் போத்தல எடுத்துக்கிட்டுக் கக்கூசுப் பக்கம் போனேன். அவ போத்தல் மேல தன் பேர எழுதி பி.எச்.ஐ.கிட்டக் குடுத்துட்டா.

ஆறாம் நாள் ரிப்போட் வந்திச்சு. கிருமி இருக்கு. சல்மனெல்லாவாம். பிள்ளைங்க ஆறு பேருகிட்டயும் இருந்த அதே கிருமி.

ஊரே "பாத்தியா, பாத்தியா"ன்னு பேசிச்சு. நானும் "பாத்தியா"ன்னேன், சொல்லிட்டு மேசையத் தொடைக்க ஆரம்பிச்சேன். மீனாம்பாள் பேர்ல இருக்கிறது என் வயிறு. இது தெரிஞ்சது ஒலகத்துலயே ரெண்டு பேருக்கு.

இப்ப நான் சொல்லாம விட்டத சொல்லிடுறேன். ஆடிப் பூசைக்கு மறுநாள் கோயில்ல மிஞ்சின கடலை ஒரு சட்டி இருந்திச்சு. அத நான் தாளிச்சு, தேங்காப்பூ போட்டுக் கையாலயே கெளறி, மத்தியானம் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டு போனேன். மீனாம்பாள் பால்மா எடுக்க ஆபீசுக்குப் போயிருந்தா. கதவடியில அடுப்பு பாக்குற கெழவி தூங்கிக்கிட்டிருந்திச்சு. முழிச்சிருந்த பிள்ளைங்க ஆறு. ஆளுக்கு ஒரு கை குடுத்தேன். மேனுஷா ரெண்டாவது கையும் கேட்டிச்சு, குடுத்தேன். அன்னைக்குக் காலையில எனக்கு லேசா வயிறு கலங்கியிருந்திச்சு. அதெல்லாம் ஒரு நோயான்னு விட்டுட்டேன். கையக் கழுவினேனா? தண்ணியில நனைச்சேன்.

ரிப்போட் வந்த அன்னைக்கே மீனாம்பாள் கடைக்கு வந்து பெஞ்சில ஒக்காந்தா. தேத்தண்ணி வேணாம்னா. என் கையப் பாத்துக்கிட்டே இருந்தா. நான் வடை தட்டுறேன், பாக்குறா. ரொட்டி போடுறேன், பாக்குறா. வந்தவங்க எல்லாம் "இவ இங்க என்ன செய்யிறா?"ன்னு என்கிட்ட கண்ணால கேட்டாங்க. அன்னைக்கு நான் பதினாலு தடவை சவுக்காரம் போட்டுக் கை கழுவியிருப்பேன்.

"சொல்லிப்புடு தங்கச்சி, அது ஒன்னோடது இல்லன்னு"ன்னேன் மெதுவா.

"யாரோடதுன்னு கேப்பாங்களே."

நான் கல்லுல கெடந்த ரொட்டியத் திருப்பிப் போட்டேன். சொன்னா கடைக்குப் பூட்டு. என் வாயால வாழுறவன் நான், அந்த வாயால வந்த பேரும் போயிரும். மூணு தலைமொறைக்குச் சொல்லிச் சிரிப்பாங்க.

ரெண்டாம் நாள் ஜிப்னா வந்திச்சு. மிச்சக் கொட்டையப் பொறுக்க வந்த புள்ள, மீனாம்பாள் கடையில இருக்கிறதக் கேட்டு இங்க வந்து ஒக்காந்திச்சு. அந்தப் புள்ள ஆய்வுகூடத்துல கேட்டு அனுமதி எடுத்து, பிள்ளைங்களோட கிருமியையும் போத்தல்ல இருந்த கிருமியையும் தன்னோட லெக்டின்ல சோதிச்சிருக்கு.

"பலாக்கொட்டைக்கு ஏழும் கட்டியாச்சு. வாழைப்பழத்துக்குக் கொஞ்சம். தக்காளிக்கு ஏழும் அசையல்ல. ஏழும் ஒரே மாதிரி. ஒரே குடும்பத்துக் கிருமின்னு நெனக்கிறன் ஆன்ட்டி. இது சாட்சி இல்ல, சந்தேகந்தான்."

மீனாம்பாள் தலையாட்டினா. "சந்தேகம் போதும்."

எனக்கு வேற ஒண்ணு காதுல விழுந்திச்சு. பலாக்கொட்டைக்கு ஏழும் கட்டியாச்சு! ஏழாவது நான். அப்ப என் வயித்துக்குள்ள இருக்கிறதும் கட்டியாகணுமே? அவிச்சா அடங்கிடும்னு அன்னைக்கே சொல்லிச்சு. பச்சையாத் தின்னா வயித்தப் பெரட்டும்னும் சொல்லிச்சுதான். அந்த ரெண்டாவது பேச்ச நான் ஓரமா வச்சிட்டேன். கிருமி போயிட்டா, அப்புறம் நான் சொல்லவும் வேணாம், பயப்படவும் வேணாம். புதுசா ஒரு போத்தல் சுத்தமாக் குடுத்து, மொத ரிப்போட் பிழைன்னு காட்டிடலாம். மீனாம்பாளுக்கு வேலை, எனக்குக் கடை. இவ்வளவு நல்ல யோசனை எனக்கு வாழ்க்கையில வந்ததில்ல.

பிள்ளைக்காம்பரா முத்தத்துல கவுந்து கெடந்ததுல ஏழு கொட்டைய எடுத்தாந்து, தோலோட அம்மியில வச்சு அரைச்சு, மோர்ல கரைச்சு மூக்கப் புடிச்சுக்கிட்டுக் குடிச்சேன். ஒரு கிருமிக்கு ஒரு கொட்டைன்னு கணக்கு இல்ல, கையில வந்தது ஏழு.

மூணு மணி பஸ் வளைவுல வந்து நிக்குது, நான் கடைக்கு வெளிய மதகுல தலையக் குனிஞ்சு நிக்கிறேன். வயித்துக்குள்ள யாரோ துணி பிழியிற மாதிரி. கட்டியாச்சா இல்லையான்னு தெரியல, கிருமியைத் தவிர மத்ததெல்லாம் வெளிய வந்திருச்சு. பஸ்ஸுல இருந்தவங்க எட்டி எட்டிப் பாத்தாங்க. கண்டக்டர் பயல் "வடை நம்ம கடையிலயா தின்னீங்கண்ணே?"ன்னான்.

மீனாம்பாள்தான் கொதிச்சாறின தண்ணிய ஒரு கோப்பையில கொண்டாந்து குடுத்தா. ஜிப்னா ஓடி வந்திச்சு. மதகுல கெடந்ததப் பாத்த ஒடனே அதுக்கு வெளங்கிருச்சு.

"அங்கிள்! எத்தனை கொட்டை?"

"ஏழு."

"பச்சையா? எதுக்கு அங்கிள்? கண்ணாடிக்குள்ள நடக்குறது வேற, வயித்துக்குள்ள நடக்குறது வேறன்னு எத்தனை தடவை சொல்லுற? அதுல மத்த சாமானும் இரிக்கி, செமிக்க விடாது. கிருமியே இல்லாத மனிசன் எதுக்குக் குடிக்கணும்?"

நான் மதகப் புடிச்சுக்கிட்டுக் கோப்பைய நீட்டினேன். மீனாம்பாள் கோப்பைய வாங்கிக்கிட்டே, "பசி போல"ன்னா.

அந்த ஒரு சொல்லுதான். திட்டியிருந்தா நான் திருப்பித் திட்டியிருப்பேன். அழுதிருந்தா ஏதாச்சும் கதை சொல்லித் தேத்தியிருப்பேன். பிள்ளைங்கள நம்பி விட்ட பதினெட்டு வருசத்த என் வயித்துக்காகத் தொலைச்சிட்டு நிக்கிறவ, எனக்கு ஒரு சாக்குச் சொல்லிக் குடுக்குறா.

மூணாம் நாள் காலையில கடையத் தொறக்கல. பி.எச்.ஐ. ஐயாவோட காரியாலயத்துக்குப் போனேன். போத்தல் என்னோடது, கடலை என்னோடது, கை என்னோடதுன்னு சொன்னேன். அவரு பேனாவ கீழ வச்சாரு. திட்டினாரு, நல்லாவே திட்டினாரு. அப்புறம் என்னையக் கூட்டிக்கிட்டு தோட்டத்து ஆபீசுக்கு வந்தாரு. அங்க வராந்தாவுல மீனாம்பாள் ஏற்கெனவே ஒக்காந்திருந்தா. மடியில ஒரு காயிதம்.

நான் தொரைக்கு முன்னால திரும்ப ஒரு தடவை எல்லாத்தையும் சொன்னேன். முடிச்ச பெறகு அவ எந்திரிச்சு அந்தக் காயிதத்த மேசையில வச்சா. பதுளையில ஒரு தனியார் ஆய்வுகூடத்து ரிப்போட். மீனாம்பாள் பேரு. கிருமி இல்ல. பி.எச்.ஐ. ஐயா அதுல மலம் குடுத்த தேதியப் பாத்துட்டு என் பக்கம் திருப்பினாரு. அவ என் கடைக்குப் போத்தலோட வந்ததுக்கு முந்தின நாள் தேதி.

வெளிய வந்ததும் கேட்டேன். "சூனியம்னியே?"

"சூனியமாவது. ஒங்களப் பாத்து நேரா கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா அண்ணே?"

"என்னைய எப்ப சந்தேகப்பட்ட?"

"மேனுஷா சட்டைய அலசுறப்ப. பையில ஒரு கடலை, தேங்காப்பூ ஒட்டிக்கிட்டு. கோயில் கடலைக்குத் தேங்காப்பூ போடல. போடுறவர் நம்ம பிரிவுல ஒருத்தர்தான்."

"அப்ப அந்தக் கடலையக் காட்டியிருக்கலாமே ஆபீஸ்ல."

"காட்டியிருந்தா, கடலை குடுத்ததே நான்தான்னு சாயங்காலத்துக்குள்ள ஊரே பேசியிருக்கும். யாரு பேச வச்சிருப்பான்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அப்படித்தான் பேசியிருப்பேன்.

"நான் வராம இருந்திருந்தா?"

"அதுக்குத்தானே காயிதத்த எடுத்துக்கிட்டு வந்து ஒக்காந்திருந்தேன். பத்து மணி வரைக்கும் பாத்திருப்பேன். நீங்க ஒம்பதேமுக்காலுக்கு வந்தீங்க."

அவ்வளவுதான் சொன்னா. ஆபீஸ்ல பிள்ளைக்காம்பரா சாவிய வாங்கிக்கிட்டு மேல ஏறிப் போயிட்டா. மேனுஷா ஆஸ்பத்திரியில இருந்து வந்து இப்ப நல்லா ஓடுது. அப்பன்மாரு போயி கொட்டையெல்லாம் பொறுக்கிச் சாக்குல போட்டுக் குடுத்தாங்க. என் கடைக்குப் பூட்டு. மூணு தடவை போத்தல் குடுத்து மூணும் சுத்தமா வந்தாத்தான் தொறக்கலாம். ரெண்டு வந்திருச்சு. மூணாவதுக்கு பி.எச்.ஐ. ஐயா ஒரு நெபந்தனை போட்டுட்டாரு. போத்தல் என்னோடதுதான்னு சொல்ல ஒரு சாட்சி வேணுமாம்.

தோட்டத்துல யாரு வருவான்னு நெனைச்சேன். மீனாம்பாள் வந்தா. கக்கூசு கதவுக்கு வெளிய குடைய ஊணிக்கிட்டு, முதுகக் காட்டி நின்னா. உள்ள போறதுக்கு முன்னால, என் கால்சட்டைப் பையில வேற போத்தல் இருக்கான்னு தடவிப் பாத்துட்டுத்தான் விட்டா.